மின்சாரம் வந்தது, கணினி விழித்ததா?

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு மின்சாரம் போவதும் வருவதும் புதினமான சங்கதி அன்று. 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்ட பின்னர் பல ஆண்டுகள் மின்சாரம் என்பதே இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்திலே பிள்ளைகளைப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தவர்கள் நாம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள். அண்மைக் காலத்திலும் 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டைச் சகித்தோம். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தமையால் இலங்கை முழுவதும் மின்சாரம் இழந்தது என்று அதிகாரிகள் அறிவித்தனர். இலங்கைக்கும் குரங்குக்கும் உள்ள பழம்பகை இன்னும் தீரவில்லைப் போலும்!

மின்சாரம் திரும்பியதும் மின்குமிழ் எரிகிறது, விசிறி சுழல்கிறது. இவை சரியாக விழித்தனவா என்று எவரும் விசாரிப்பதில்லை. கணினியின் விஷயம் அப்படியன்று. பொத்தானை அமுக்குவதற்கும் யந்திரம் வேலைக்கு ஆயத்தமாவதற்கும் இடையிலே ஒரு சிறு காலம் உண்டு. நமது பாடநூல்கள் 'பணிசெயல் முறைமை' என்றும் தமிழகத்தார் 'இயங்குதளம்' என்றும் கூறுகின்ற பெரும் நிரலானது, வட்டிலே உறங்கிக்கிடந்த நிலையிலிருந்து எழுந்து, நினைவகத்துக்கு வந்து, கணினியின் ஆட்சியை ஏற்கும் காலம் அது. அந்த இடைவேளையிலே மின்சாரம் மறுபடியும் போய்விட்டால் என்ன ஆகும்? இரு தடவை அவ்வாறு நிகழ்ந்த பின், வழக்கமான முகப்புக்குப் பதிலாக, பழுதுபார்ப்புக்கு ஆயத்தம் நடைபெறுகிறது என்று பொருள்படும் ஆங்கில வாசகம் ஒன்று திரையில் தோன்றும். அடுத்து ஒரு நீலத்திரை வந்து, என்ன செய்யப்போகிறீர் என்று கேட்கும்.

வீட்டிலுள்ளோர் இதைக் கண்டதும் யந்திரத்தின் உயிர் போய்விட்டதென்றே முடிவு செய்கிறார்கள். மறுநாள் அதனைப் பட்டணத்துக் கடைக்குச் சுமந்து செல்கிறார்கள். கடைக்காரருக்கோ பத்துக் கணினிகள் காத்திருக்கின்றன. வட்டு முழுவதையும் துடைத்துப் புதிதாக நிரல் ஏற்றுவதே அவருக்குச் சுருக்க வழி. மாலையில் கணினி புத்தம் புதிதாக வீடு திரும்புகிறது. மகள் ஆறு மாதமாக எழுதிய ஆய்வுக்கட்டுரை அதில் இல்லை. அம்மம்மாவின் அந்திய காலத்துப் படங்கள் இல்லை. கனடாவிலிருந்து வந்த கல்யாண வீடியோவும் இல்லை. இத்தனையும் பறிபோன பின்பு தெரியவருவது யாதெனின், வட்டிலே ஒரு பழுதும் இருக்கவில்லை என்பதே. ஊரிலே இப்படி இழந்த குடும்பங்கள் பல. ஆகவே கணினி தன் ஆரம்பம் நிறைவேறியதா, தவறியதா என்பதை எவ்வாறு கணக்கு வைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது பொறியியலாளருக்கு மாத்திரம் உரிய விஷயமன்று.

நமது தோட்டக்காரர் இதனை வெகு எளிதிலே விளங்கிக்கொள்வர். மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு யந்திரத்தை மண்ணெண்ணெயிலேயே கிளப்ப இயலாது. முதலிலே சிறிது பெற்றோல் விட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும். பெற்றோலில் யந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கணினியிலும் அவ்வாறே. தாய்ப்பலகையிலே நிரந்தரமாகப் பதிந்த ஒரு சிறு நிரல் முதலில் எழுந்து தன் உறுப்புக்களைச் சோதிக்கிறது. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். கணினி இச் சோதனை தேறியதும் ஒரேயொரு குறுகிய 'பீப்' ஒலி எழுப்பும்; பழுது இருப்பின் ஒலியின் எண்ணிக்கையும் நீளமும் மாறும். இச் சிறு நிரல் அடுத்த நிரலை அழைக்க, அது பெரிய முறைமையை அழைத்து வருகிறது. ஆங்கிலேயர் இதனை 'பூட்' செய்தல் என்பர். தன் சப்பாத்தின் வாரைத் தானே பிடித்துத் தன்னையே மேலே தூக்குவது என்ற பழைய வேடிக்கைப் பேச்சிலிருந்து பிறந்த சொல் அது. பெற்றோலும் மண்ணெண்ணெயும் என்ற நம்மூர் உவமையே அதனினும் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

அநுபவமுள்ள தோட்டக்காரர் பெற்றோலில் யந்திரம் இரைந்தவுடன் கிணற்றடியை விட்டுப் போய்விட மாட்டார். மண்ணெண்ணெய்க்கு மாறி, திணறாமல் சிறிது நேரம் ஓடி, வாய்க்காலில் தண்ணீர் சீராகப் பாய்வதைக் கண்ட பின்னரே மண்வெட்டியைத் தோளில் வைப்பார். கணினிக்கும் இப்படி நின்று பார்ப்பார் ஒருவர் வேண்டும். ஆனால் அங்கே நிற்பவர் யார்? விழிக்கின்ற யந்திரமே தான் விழித்ததற்கும் சாட்சியாக வேண்டியிருக்கிறது. விழிக்கத் தவறிய யந்திரமோ தன் தவறுதலை எடுத்துச் சொல்லும் சக்தி அற்றது. மயங்கி விழுந்தவன் எழுந்து வந்து, "நான் மயங்கிவிட்டேன்" என்று சொல்வதுண்டா?

இச் சிக்கலுக்குக் கண்டுபிடிக்கப்பட்ட பரிகாரம் மிகவும் எளியது. முறைமையை எழுப்பும் முன்பே, 'ஆரம்பம் தவறியது' என்ற கருத்துடைய ஓர் அடையாளத்தை வட்டிலே இட்டுவிடுகிறார்கள். ஆரம்பம் நிறைவேறினால், விழித்தெழுந்த முறைமை தன் கையாலேயே அவ்வடையாளத்தை அழித்துவிடும். நிறைவேறாவிடில் அழிப்பதற்கு ஆளில்லை. அடையாளம் அப்படியே நிற்கும். அடுத்த தடவை கணினி எழும்பும்போது முதலில் அந்த அடையாளத்தையே பார்க்கிறது. அழிந்திருந்தால் நேற்று நலம். நின்றிருந்தால் நேற்று ஏதோ நடந்திருக்கிறது. மார்கழிக் குளிரில் முற்றத்துக் கோலத்தை வீட்டுக்காரி விடியற்காலையில் இட்டிருக்கிறாளா என்று பார்த்து அவள் எழும்பிவிட்டதை அறிவது போன்ற வழி இது. ஆனால் இங்கே கோலத்தை அழிப்பதே எழும்பியதற்கு அறிகுறி.

விண்டோஸ் முறைமை இதற்கென்றே 'பூட்ஸ்டாட்' என்னும் ஒரு சிறு கோப்பை வைத்திருக்கிறது. ஆரம்பம் தொடங்கும்போது அடையாளம் இடப்படுகிறது; உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் திரை தோன்றுவதற்குச் சற்று முன் அது வழக்கமாக அழிக்கப்படுகிறது. தொடர்ந்து இரு தடவை ஆரம்பம் தவறினால் கணினி வழக்கமான பாதையை விட்டு மீட்புச் சூழலுக்குள் நுழைகிறது. இன்னொரு விதியும் உண்டு. ஆரம்பம் முற்றுப்பெற்று இரண்டு நிமிடங்களுக்குள் கணினி எதிர்பாராது நின்றுபோவது தொடர்ந்து இரு தடவை நேர்ந்தாலும் அதே கதிதான். மின்சாரம் வந்து, இரண்டு நிமிடம் நின்று, போய், மறுபடி வந்து, மறுபடி போகின்ற நமது மாரிகால இரவுகளை நினைத்துப் பாருங்கள்! அந்த விதியை எழுதியவர்கள் மின்சாரம் தடையின்றி ஓடும் ஊரவர்கள் என்பது வெளிப்படை. எனினும் அவர்களைக் குறை கூறவும் இயலாது. ஆரம்பத்தின் நடுவே மின்சாரம் அற்றுப்போனால் யந்திரம் நலமாயிருந்தும் நோயாளியென்று தவறாக எண்ணப்படலாம் என்பதை மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் ஆவணங்களே ஒப்புக்கொள்கின்றன.

ஆக, நீலத்திரை கூறுவது "வட்டு செத்துவிட்டது" என்பதன்று. "சென்ற இரு தடவையும் என் அடையாளத்தை அழிப்பதற்கு ஒருவரும் வரவில்லை" என்பது மாத்திரமே அதன் பொருள். காரணம் யாது என்பது அதற்கே தெரியாது.

இனி, ஆரம்பம் 'நிறைவேறியது' என்று எந்தக் கணத்திலே கூறலாம்? இதிலே நிபுணர்களிடையே ஒருமைப்பாடு இல்லை. 1993ஆம் ஆண்டிலே பிறந்த விண்டோஸ் என்.ரி. என்னும் முறைமை, முக்கியமான சேவைகள் யாவும் பிழையின்றி எழுந்து, ஒரு மனிதர் தம் பெயரைக் கொடுத்து உட்பிரவேசித்த பின்னரே அந்த ஆரம்பத்தை நல்லதென்று குறித்தது. அவ்வாறு குறித்த அமைப்பைக் 'கடைசியாக நன்றென்று அறியப்பட்டது' என்ற பெயரால் பாதுகாத்து, பின்னொரு நாள் இடர் வந்தால் அதற்குத் திரும்ப வழி வைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உட்பிரவேசித்து ஒரு நிமிடத்தின் பின் யந்திரம் விழுந்தால்? பழுதுள்ள அமைப்பே நல்லதென்ற முத்திரையைப் பெற்றுவிடும்; முந்திய நல்ல அமைப்பு மறைந்துவிடும். ஆத்திரப்பட்டு உட்புகுந்தவர் தம் மீட்சிக்குரிய படகைத் தாமே எரித்தவராவார்.

லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த பெடோரா என்னும் முறைமை 2018ஆம் ஆண்டிலிருந்து வேறு வழியைக் கைக்கொண்டது. பயனர் உட்பிரவேசித்து இரண்டு நிமிடம் யந்திரம் ஓடிய பின்னரே வெற்றி என்ற குறி எழுதப்படும். கிணற்றடியில் நின்று பார்க்கும் தோட்டக்காரரின் பொறுமையை இங்கே காண்கிறோம். அதே ஆண்டின் இறுதியில் லினக்ஸ் உலகில் வந்த மற்றொரு முறையோ தவணைக் கணக்கையே கோப்பின் பெயரில் எழுதி வைக்கிறது. புதிய முறைமைக்கு மூன்று சந்தர்ப்பம் என்றால் பெயரின் பின்னே 3 என்ற இலக்கம் இருக்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் முன்பு இலக்கம் ஒன்று குறையும். வெற்றி பெற்றால் இலக்கமே நீங்கும். பூச்சியத்தை எட்டினால் பழைய முறைமையே மறுபடி அழைக்கப்படும்.

தவறுதலைக் கண்டுபிடிப்பது ஒரு காரியம். கண்டபின் யாது செய்வது என்பது அதனினும் பெரிய காரியம். உபுண்டு என்னும் முறைமையின் முன்னைய பதிப்புகள் சிலவற்றில், சென்ற ஆரம்பம் தவறியதென்ற குறி நின்றால், யந்திரம் ஒரு தெரிவுப் பட்டியலைக் காட்டிவிட்டு, யாராவது ஒரு விசையை அமுக்கும் வரை காத்துக்கொண்டேயிருக்கும். மேசைமேல் இருக்கும் கணினிக்கு இது மரியாதையான நடத்தை. பூட்டிய அறையினுள்ளே, திரையும் விசைப்பலகையும் இன்றி, ஓர் அலுவலகத்தின் கோப்புகளையெல்லாம் காத்து நிற்கும் கணினிக்கோ அது தீராத உறக்கம். மின்சாரம் வந்தாயிற்று, விளக்கெல்லாம் எரிகிறது, யந்திரமும் இரைகிறது, ஆனால் ஒருவருக்கும் பதில் இல்லை. உள்ளே அது எவரோ வந்து விசையை அமுக்குவார் என்று பதிவிரதையைப் போலக் காத்துக்கொண்டிருக்கும்! பிந்திய பதிப்புகளிலே 30 விநாடி பார்த்துவிட்டுத் தானாகவே மேற்செல்லும்படி மாற்றினார்கள்.

கணினி இல்லாத வீட்டிலும் கைத்தொலைபேசி உண்டு. அதனுள்ளும் இதே கணக்கு நடக்கிறது. 2016ஆம் ஆண்டு வெளிவந்த அன்ட்ரொயிட் 7ஆம் பதிப்பிலிருந்து, பல தொலைபேசிகளிலே முறைமைக்கு இரு இருப்பிடங்கள் அமைக்கப்பட்டன. நீங்கள் ஒன்றிலே பேசிக்கொண்டிருக்கையில் புதிய பதிப்பு மற்றதிலே வந்து இறங்கும். அடுத்த தடவை புதியது எழும். எழுந்து தன்னைச் சரிபார்த்து 'வெற்றி' என்ற குறியைப் பெற்றால் அதுவே நிலைக்கும். குறித்த தடவைகள் முயன்றும் குறி கிடைக்காவிடில் தொலைபேசி சத்தமின்றிப் பழைய இருப்பிடத்துக்கே திரும்பிவிடும். இரவிலே இப்படியொரு பட்டாபிஷேகமும் பதவி நீக்கமும் தலையணையின் கீழ் நடந்து முடிந்ததை நாம் அறிவதேயில்லை.

கைக்கு எட்டிய யந்திரத்தை எப்படியேனும் திறந்து பார்க்கலாம். எட்டாத தூரத்திலே விழித்து விழித்து விழுந்த யந்திரமொன்றும் உண்டு. 2004ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் செவ்வாய்க் கிரகத்திலே இறங்கிய அமெரிக்காவின் 'ஸ்பிரிற்' என்னும் ஊர்தி, இறங்கிய மூன்றாம் வாரத்தில் திடீரெனப் பேச்சொழிந்தது. அதன் நினைவுச் சில்லிலே கோப்புகள் மிதமிஞ்சிச் சேர்ந்திருந்தன. எழும்போதெல்லாம் அக் கோப்புகளின் அட்டவணையை ஏற்ற முயலும், நினைவகத்தில் இடம் போதாது, விழும், மறுபடி எழும். அறுபது தடவைக்கு மேல் இவ்வாறு எழுந்தெழுந்து விழுந்தது. இரவிலே உறங்க வேண்டிய ஊர்தி உறங்காமையால் மின்கலமும் வற்றத் தொடங்கிற்று. பூமியிலிருந்து ஒரு சொல் சென்று சேரவே ஏறக்குறைய 10 நிமிடம் பிடிக்கும் தூரம். பொறியியலாளர்கள், அந்தச் சில்லைத் தொடாமலே எழும்பு என்று கட்டளை அனுப்பினார்கள். ஊர்தி எழுந்தது, நிலைத்தது. பின்பு சில்லைத் துடைத்துச் சீராக்கினார்கள். 90 நாள் வேலைக்கென அனுப்பப்பட்ட அந்த ஊர்தி 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரையில் பூமியோடு பேசிற்று. அங்கே துடைத்தல் கடைசி மருந்தாயிருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நம் கடைகளிலே அதுவே முதல் மருந்து.

அடையாளம் சரியாகவே வேலை செய்தும் உதவாமற் போன நாளும் ஒன்று உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆந் திகதி வெள்ளிக்கிழமை, இலங்கை நேரம் முற்பகல் 9.39க்கு, கிரவுட்ஸ்றைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளரின் கணினிகளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. கோப்பிலே பிழை இருந்தது. 78 நிமிடத்தில் அதனை மீளப் பெற்றுக்கொண்டார்கள். ஆயினும் அதற்குள் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன என்று மைக்ரோசொவ்ற் கணக்கிட்டது. விமான நிலையங்களும் வங்கிகளும் வைத்தியசாலைகளும் திகைத்தன. கணினிகள் தம் ஆரம்பம் தவறியதை நன்றாக அறிந்தன. மீட்புத் திரையிலே வந்து நின்றன. ஆனால் எந்தக் கோப்பினால் தவறியது என்பதை அவற்றால் அறிய இயலவில்லை. அந்தப் பாதுகாப்பு நிரலோ ஆரம்பத்தின் போதே எழவேண்டியது என்று பதிவு பெற்றது. ஆகவே வழக்கமான ஆரம்பத்திலே அதனை விலக்கிவிட்டு எழவும் வழியில்லை. ஈற்றில் மனிதரே ஒவ்வொரு கணினியாகச் சென்று, அக் கோப்பைக் கையால் நீக்க வேண்டியதாயிற்று. இதன் பின்னர், எழத் தவறிய கணினிக்குத் தூரத்திலிருந்தே பரிகாரம் அனுப்பும் புதிய ஏற்பாட்டை அவ்வாண்டு நவம்பரில் மைக்ரோசொவ்ற் அறிவித்தது.

மீண்டும் நம் வீட்டு மேசைக்கு வருவோம். விண்டோஸ் கணினியிலே நிகழ்வேடு ஒன்று இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் அதனைத் திறந்து வாசிக்கலாம். அதிலே 6005 என்ற இலக்கம் இருந்தால் ஏடு திறக்கப்பட்டது, அதாவது முறைமை எழுந்தது என்று பொருள். 6006 என்பது ஏடு முறைப்படி மூடப்பட்டமைக்கு அடையாளம். 6008 இருந்தால் முந்திய நிறுத்தம் எதிர்பாராதது. 41 என்ற இலக்கமோ, யந்திரம் ஒழுங்காக நிறுத்தப்படாமலே மறுபடி எழுந்தது என்பதைக் குறிக்கும். அது உறைந்து நின்றதா, விழுந்ததா, மின்சாரம் அற்றதா என்பதை அந்தக் குறிப்பு பிரித்துக் கூறாது. பிரித்துக் கூற வல்லவர் வீட்டிலிருந்தவர் ஒருவரே. 'நேற்று இரவு எட்டு மணிக்கு மின்சாரம் இரு முறை போய் வந்தது' என்ற உங்கள் வாக்குமூலத்தை 6008ஆம் குறிப்பின் நேரத்தோடு ஒப்பிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. கடைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தாலும் அதனை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள். வட்டைத் துடைக்கும் முன் கோப்புகளை வேறோர் இடத்திற் பிரதி செய்யும்படி கண்டிப்பாகச் சொல்லுங்கள். எழ மறுக்கும் கணினியிலும் வட்டு நலமாயின் அதனைக் கழற்றி இன்னொரு கணினியோடு இணைத்துக் கோப்புகளை எடுக்க முடியும்.

மின்சாரம் போனவுடன் கணினியின் ஆளியை அணைத்துவிடுவது நல்லது. திரும்பி வந்ததும் உடனே ஓடிப்போய் அமுக்க வேண்டாம். ஒரு கோப்பி குடிக்கும் நேரம் பொறுத்து, மின்சாரம் நிலைத்துவிட்டது என்று கண்ட பின் எழுப்பலாம். மின்கலம் வலுவிழந்த பழைய மடிக்கணினிக்கும் இதுவே பொருந்தும். நீலத்திரை வந்துவிட்டால், எல்லாவற்றையும் பழைய நிலைக்கு ஆக்கவா என்று கேட்கும் தெரிவை அமுக்காமல், முதலிலே வழக்கம்போல் தொடரும் தெரிவைப் பரீட்சித்துப் பாருங்கள். மின்வெட்டினால் வந்த திரையாயின் பெரும்பாலும் யந்திரம் அப்படியே எழுந்துவிடும்.

மற்றொரு விஷயம். இக்காலத்துக் கணினிகள் பலவற்றில் வட்டு முழுவதும் மறைகுறியாக்கப்பட்டிருக்கும். அவை மீட்புத் திரைக்கு வந்தால் 48 இலக்கமுள்ள மீட்புத் திறப்பைக் கேட்கக்கூடும். அதனைக் கொடுக்க இயலாதவருக்கு எந்தக் கடைக்காரரும் கைகொடுக்க முடியாது. கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றே, மகனையோ மகளையோ கொண்டு அந்த இலக்கங்களைத் தேடி எடுப்பியுங்கள். பெரும்பாலும் அவை கணினி வாங்கியபோது பதிவு செய்த மைக்ரோசொவ்ற் கணக்கிலே இருக்கும். ஒரு தாளில் தெளிவாக எழுதி, இரண்டாம் முறை வாசித்துச் சரிபார்த்து, காணி உறுதி வைத்திருக்கும் அலுமாரித் தட்டிலே அந்தத் தாளையும் வைத்துவிடுங்கள்.